நவம்பரில் கையெழுத்து, மார்ச்சிலிருந்து வட்டி: பிரிட்டன் நிறுவன வரித் தவணைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் லாபம் ஒரு வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் கார்ப்பரேஷன் வரியை நான்கு தவணைகளாகக் கட்ட வேண்டும். அந்தந்தக் காலாண்டில் வந்த லாபத்துக்கு அந்தந்தத் தவணை என்று எண்ணிக்கொண்டு வேலை பார்க்கும் கணக்குப் பிரிவுகள் இன்னமும் இருக்கின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு தவணையும் முழு ஆண்டு வரியில் கால் பங்கு. அந்த முழு ஆண்டு வரி எவ்வளவு என்பது ஆண்டு முடிந்த பிறகுதான் தெரியும். தெரிந்ததும், முதல் தவணை நாளிலேயே அது தெரிந்திருந்தது போலப் பின்னோக்கிப் போய் வட்டி கணக்கிடுவார்கள். ஆண்டுக் கடைசியில் நடக்கும் ஒரே ஒரு விற்பனை வரித் தொகையை மட்டுமல்ல, தவணைத் தேதிகளையே மாற்றிவிடக்கூடும். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

கீழே வரும் நிறுவனம் விளக்கத்துக்காக அமைத்தது. விதிகளும் விகிதங்களும் நடைமுறையில் உள்ளவை.

பின்னணி

மிட்லண்ட்ஸ் பகுதியில் ஓர் உற்பத்தி நிறுவனம். பங்குகள் முழுவதும் ஒரே மனிதரிடம். அவரிடமே நேரடியாக வேறு மூன்று நிறுவனங்களும் உண்டு: வாடகைக்கு விடும் ஒரு கட்டட நிறுவனம், சென்னையில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனம், பல ஆண்டுகளாக எந்த வேலையும் செய்யாமல் பதிவில் மட்டும் இருக்கும் ஒரு நிறுவனம். கணக்குக் காலம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை.

2023இல் உற்பத்தி நிறுவனத்தின் லாபம் 12 லட்சம் பவுண்டு. 2024இல் 16 லட்சம். 2025க்கு எதிர்பார்த்தது 20 லட்சம்.

2025 நவம்பர் 20 அன்று, தன் தொழிலுக்கே பயன்படுத்திவந்த ஒரு பழைய கிடங்கை விற்க நிபந்தனையற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. வரிக்குட்பட்ட மூலதன ஆதாயம் 54 லட்சம் பவுண்டு. பத்திரம் முடிந்து பணம் கைக்கு வந்தது 2026 ஜனவரி 16 அன்று. பணம் வந்த ஆண்டுதான் வரி ஆண்டு என்று கணக்குப் பிரிவு எடுத்துக்கொண்டது. ஆதாயத்தை 2026 பட்ஜெட்டில் வைத்தது. பிழை அங்கே ஆரம்பம்.

யார் பெரியவர், யார் மிகப் பெரியவர்

1998ஆம் ஆண்டின் தவணை விதிமுறைகளே இன்றும் அடிப்படை. அவற்றின்படி 12 மாதக் கணக்குக் காலத்தில் லாபம் 15 லட்சம் பவுண்டைத் தாண்டினால் அது ‘பெரிய’ நிறுவனம். 2017இல் வந்த திருத்தம், 2019 ஏப்ரல் 1 அல்லது அதன் பின் தொடங்கும் காலங்களுக்கு ‘மிகப் பெரிய’ நிறுவனம் என்ற இன்னொரு படியைச் சேர்த்தது; அதன் வரம்பு 2 கோடி பவுண்டு. இந்த ஒப்பீட்டுக்கு எடுக்கும் லாபம் வரிக்குட்பட்ட லாபம் மட்டுமல்ல. குழுமத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்களிடமிருந்து வந்த, வரிவிலக்குப் பெற்ற ஈவுத்தொகையும் அதில் சேரும். வரி இல்லாத ஈவுத்தொகைதானே என்று விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. கணக்குக் காலம் 12 மாதத்துக்குக் குறைவானால் வரம்புகளும் அதே விகிதத்தில் குறையும்.

இரண்டு வரம்புகளையும் இணை நிறுவனங்களின் (ஒரே கட்டுப்பாட்டில் உள்ள மற்ற நிறுவனங்களின்) எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் தொடங்கிய காலங்களில் எண்ணப்பட்டது 51 சதவீதக் குழும நிறுவனங்கள் மட்டும், அதாவது ஒரு நிறுவனம் இன்னொன்றின் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருப்பதால் இணைந்தவை. ஒரு தனிமனிதர் நேரடியாக வைத்திருக்கும் நான்கு நிறுவனங்கள் அந்தக் கணக்கில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. 2023 ஏப்ரல் 1 அல்லது அதன் பின் தொடங்கும் காலங்களுக்கு ‘ஒரே நபரின் கட்டுப்பாடு’ என்ற சோதனை வந்தது. உலகில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும். பிரிட்டனில் ஒரு பென்னி வரிகூடக் கட்டாத சென்னை நிறுவனம் இப்போது இணை நிறுவனம். தொழிலோ வியாபாரமோ ஏதும் செய்யாத நிறுவனம் மட்டும் விடுபடும்.

ஆக, நம் நிறுவனத்துக்கு இணை நிறுவனங்கள் இரண்டு, வகுக்கும் எண் மூன்று. பெரிய நிறுவன வரம்பு 5 லட்சம் பவுண்டு. மிகப் பெரிய நிறுவன வரம்பு 66,66,667 பவுண்டு.

தவணை நோக்கத்துக்கு இந்த எண்ணிக்கை முந்தைய கணக்குக் காலத்தின் கடைசி நாளில் இருந்த நிலை. வரி விகிதத்தை முடிவுசெய்யும்போதோ, அந்தக் காலத்தில் ஒரு நாள் இணைந்திருந்தாலும் எண்ணப்படும். இரண்டுக்கும் ஒரே அட்டவணையை வைத்துக்கொள்ளும் கணக்கர்கள் ஏதோ ஒன்றில் தவறுவார்கள். ஆண்டின் நடுவில் ஒரு நிறுவனத்தை விற்றுவிட்டு வரம்பு உயர்ந்துவிட்டது என்று நிம்மதியடைவதிலும் பொருளில்லை. அதன் பலன் அடுத்த ஆண்டுதான்.

2024: சலுகை ஆண்டு

2024இல் லாபம் 16 லட்சம், வரம்பு 5 லட்சம். அப்படியும் அந்த ஆண்டு தவணை இல்லை. லாபம் 1 கோடி பவுண்டைத் தாண்டாமலும் (இதையும் வகுக்க வேண்டும், இங்கே 33,33,333), முந்தைய 12 மாதத்தில் வரம்பைக் கடக்காமலும் இருந்தால் ஓர் ஆண்டு விட்டுக்கொடுக்கிறார்கள். 2023இல் பழைய சோதனைப்படி வரம்பு முழு 15 லட்சம். லாபம் 12 லட்சம். எனவே சலுகை கிடைத்தது. 2024க்கான 4 லட்சம் பவுண்டு வரி, சிறிய நிறுவனங்களுக்கு உள்ளது போலவே, காலம் முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் கழித்து, அதாவது 2025 அக்டோபர் 1 அன்று.

மிகப் பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. முதல் முறை அந்த வரம்பைத் தாண்டினாலும் அதே ஆண்டு தவணை உண்டு. மொத்த வரி 10,000 பவுண்டைத் தாண்டாத நிறுவனத்துக்குத் தவணை இல்லை என்ற விலக்கு மட்டும் இரண்டு படிக்கும் பொது.

2025: திட்டமிட்ட தேதிகளும் உண்மைத் தேதிகளும்

பெரிய நிறுவனத்தின் முதல் தவணை, காலம் தொடங்கி ஆறு மாதமும் 13 நாளும் கழித்து. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. கடைசித் தவணை காலம் முடிந்து மூன்று மாதமும் 14 நாளும் கழித்து. ஜனவரி–டிசம்பர் கணக்குக்கு ஜூலை 14, அக்டோபர் 14, ஜனவரி 14, ஏப்ரல் 14. மிகப் பெரிய நிறுவனத்துக்கு எல்லாம் நான்கு மாதம் முன்னால்: மார்ச் 14, ஜூன் 14, செப்டம்பர் 14, டிசம்பர் 14. ஆண்டு முடியும் முன்பே முழு வரியும் கட்டியாக வேண்டும்.

20 லட்சம் லாபம், 25 சதவீதம் வரி, 5 லட்சம் பவுண்டு, தவணைக்கு 1,25,000. நிறுவனம் அதை 2025 ஜூலை 14, அக்டோபர் 14, 2026 ஜனவரி 14 ஆகிய நாள்களில் தவறாமல் கட்டியது.

ஆனால் மூலதன ஆதாயத்தில் விற்பனை நாள் என்பது ஒப்பந்தம் நிறைவேறிய நாள் அல்ல, ஒப்பந்தம் செய்த நாள். நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தமானால், அந்த நிபந்தனை நிறைவேறிய நாள். இங்கே நிபந்தனை ஏதும் இல்லாததால் விற்பனை நாள் நவம்பர் 20. எனவே 54 லட்சமும் 2025இல் விழுகிறது. மொத்த லாபம் 74 லட்சம். வரி 18,50,000 பவுண்டு. 74 லட்சம், 66,66,667ஐத் தாண்டுகிறது. நிறுவனம் 2025 முழுவதும் ‘மிகப் பெரியது’. ஒவ்வொரு தவணையும் 4,62,500 பவுண்டு, அதில் முதலாவதைக் கட்டியிருக்க வேண்டிய நாள் 2025 மார்ச் 14. அந்த மார்ச்சில் கிடங்கை வாங்க ஆளே வந்திருக்காது. விதிக்கு அது பொருட்டல்ல.

இந்திய வரி பார்த்துப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். அங்கே முன்கூட்டிய வரியை ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என 15, 45, 75, 100 சதவீதமாகக் கட்டும்போது, எதிர்பாராமல் வந்த மூலதன ஆதாயத்துக்கான வரியை அதன் பின் மிஞ்சிய தவணைகளில் கட்டினால் முந்தைய தவணைகளின் குறைவுக்கு வட்டி இல்லை. பிரிட்டனில் அந்த இரக்கம் கிடையாது. சென்னையில் உட்கார்ந்து பிரிட்டன் நிறுவனக் கணக்கு பார்ப்பவர்கள் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான்.

வட்டிக் கணக்கு

2026 ஜனவரி கடைசியில் சொத்து வழக்கறிஞரின் கோப்பு கணக்குப் பிரிவுக்கு வந்தபோதுதான் ஒப்பந்த நாள் கண்ணில் பட்டது. மீதி 14,75,000 பவுண்டு ஜனவரி 30 அன்று கட்டப்பட்டது.

தவணைக் குறைவுக்கான வட்டி, 2025 ஏப்ரல் 6 முதல், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி விகிதத்தோடு 2.5 சதவீதப் புள்ளி. அதற்கு முன் 1 புள்ளி மட்டுமே கூடுதல். அடிப்படை விகிதம் ஆண்டில் சில முறை மாறியதால் உண்மைக் கணக்கைத் துண்டு துண்டாகப் போட வேண்டும். இங்கே எளிமைக்காக, அடிப்படை விகிதம் 4 சதவீதமாக இருந்த காலத்தின் 6.5 சதவீதத்தையே முழுக் காலத்துக்கும் எடுத்துக்கொள்வோம்.

மார்ச் 14 – ஜூன் 14: குறைவு 4,62,500, 92 நாள்
ஜூன் 14 – ஜூலை 14: குறைவு 9,25,000, 30 நாள்
ஜூலை 14 – செப்டம்பர் 14: குறைவு 8,00,000, 62 நாள்
செப்டம்பர் 14 – அக்டோபர் 14: குறைவு 12,62,500, 30 நாள்
அக்டோபர் 14 – டிசம்பர் 14: குறைவு 11,37,500, 61 நாள்
டிசம்பர் 14 – ஜனவரி 14: குறைவு 16,00,000, 31 நாள்
ஜனவரி 14 – ஜனவரி 30: குறைவு 14,75,000, 16 நாள்

ஒவ்வொரு குறைவையும் நாளால் பெருக்கிக் கூட்டி, 6.5 சதவீதம் போட்டு 365ஆல் வகுத்தால் 53,489 பவுண்டு. இந்த வட்டியை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதால் 25 சதவீத வரி போக நிகரச் செலவு ஏறக்குறைய 40,100 பவுண்டு. அபராதத்தைக் கழிக்க முடியாது, இதைக் கழிக்கலாம் என்பதையே சில கணக்கர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதில் எவ்வளவு தவிர்க்க முடிந்தது? கையெழுத்தான நவம்பர் 20 அன்றே அதுவரையிலான குறைவு 11,37,500ஐயும், டிசம்பர் 14க்குள் கடைசி 4,62,500ஐயும் கட்டியிருந்தால் வட்டி 35,592. தாமதமாகத் தெரிந்துகொண்டதன் விலை 17,897 பவுண்டு. மீதி, சட்டம் பின்னோக்கிப் பார்ப்பதன் விலை. கையெழுத்துப் போட்ட பிறகு எந்தக் கணக்கராலும் அதைக் குறைக்க முடியாது. கிடங்குப் பணம் ஜனவரியில்தான் வந்தது என்பதால், நவம்பரிலேயே கட்ட வங்கிக் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் வட்டி 6.5க்கு மேலானால் அரசுக்குக் கடன்பட்டிருப்பதே மலிவு.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. இணை நிறுவனங்களே இல்லை என்று வைத்துக்கொண்டால், 74 லட்சம் லாபத்திலும் நிறுவனம் ‘பெரியது’ மட்டுமே. தவணைகள் ஜூலை 14இல் தொடங்கும். அதே நாள்களில் அதே தொகைகளைக் கட்டியிருந்தால் ஜனவரி 30 வரையிலான வட்டி 19,473. அதாவது கட்டட நிறுவனமும் சென்னை நிறுவனமும் எண்ணிக்கையில் சேர்ந்ததற்கு மட்டும் சுமார் 34,000 பவுண்டு. அவற்றால் பதிலுக்கு ஒரு நன்மையும் இல்லை. தனிமனிதர் வழியாக இணைந்தவை என்பதால் இவை வரிச் சட்டத்தில் குழுமம் ஆகாது. ஒன்றின் நட்டத்தை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. குழுமம் முழுவதற்கும் ஒரே நிறுவனம் பணம் கட்டி, ஒன்றின் மிகையை மற்றதன் குறைவில் ஈடுகட்டும் குழுமத் தவணை ஏற்பாட்டிலும் சேர முடியாது. 2023 மாற்றம் குடும்ப நிறுவனங்கள்மீது சத்தமில்லாமல் ஏற்றிய சுமை இது. ஒரு தாய் நிறுவனத்தின் கீழ் இவற்றைக் கொண்டுவருவது யோசிக்கத் தக்கது. எண்ணிக்கை குறையாது என்றாலும் பிரிட்டன் நிறுவனங்களுக்கிடையே ஈடுகட்டும் வழிகளாவது திறக்கும்.

கையெழுத்துக்கு முன் என்ன செய்திருக்கலாம்

முதல் வழி, தேதி. வாங்குபவர் சம்மதித்திருந்தால் ஒப்பந்தத்தை 2026 ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம். ஆதாயம் 2026க்குப் போகும். 2026 ‘மிகப் பெரிய’ ஆண்டாகும், முதல் தவணை மார்ச் 14. ஆனால் அது முன்கூட்டியே தெரியும், விற்ற பணமும் கையில் இருக்கும், வட்டி பூஜ்யம். 2025க்கான ஜனவரி, ஏப்ரல் தவணைகளோடு சேர்த்து 2026இல் ஆறு தவணைகள் வரும் என்பதற்கு மட்டும் இடம் ஒதுக்க வேண்டும். ‘பெரிய’ நிலையிலிருந்து ‘மிகப் பெரிய’ நிலைக்கு ஏறும் எந்த ஆண்டிலும் இந்த நெரிசல் உண்டு. ஒன்றரை ஆண்டு வரி பன்னிரண்டு மாதத்தில் போகும்.

இரண்டாவது வழி, வரம்பு. 74 லட்சத்துக்கும் வரம்புக்கும் இடைவெளி 7,33,333 பவுண்டு. டிசம்பர் 31க்குள் 7,35,000 பவுண்டுக்குப் புதிய இயந்திரங்கள் வாங்கி, முழுச் செலவுக் கழிவைப் (முழு விலையையும் வாங்கிய ஆண்டிலேயே லாபத்திலிருந்து கழிப்பது) பயன்படுத்தினால் லாபம் 66,65,000. நிறுவனம் மறுபடி ‘பெரியது’ ஆகும். கட்டிய தொகைகள் அப்படியே இருந்தாலும் ஜனவரி 30 வரையிலான வட்டி 16,823க்கு இறங்கிவிடும். வரியே 1,83,750 பவுண்டு குறைகிறது என்பது தனி. ஆர்டர் கொடுத்தால் மட்டும் போதாது. பணம் கொடுக்க வேண்டிய நிபந்தனையற்ற கடமை ஆண்டுக்குள் உருவாகியிருக்க வேண்டும், பெரும்பாலும் சரக்கு வந்து சேர்வதைப் பொறுத்தது. தேவையில்லாத இயந்திரத்தை வட்டிக்குப் பயந்து வாங்குவது அபத்தம். பிப்ரவரியில் வாங்குவதாக இருந்ததை டிசம்பருக்கு இழுப்பது நியாயமான வேலை.

மூன்றாவது, மறுமுதலீட்டு விலக்கு. தொழிலில் பயன்பட்ட கட்டடத்தின் விற்பனைத் தொகையை, விற்பதற்கு ஓராண்டு முன்பிலிருந்து மூன்றாண்டு பின்பு வரை, தொழிலுக்கான வேறு கட்டடத்திலோ நிலையான இயந்திரத்திலோ போட்டால் ஆதாயத்தைத் தள்ளிவைக்கலாம். இன்னும் வாங்கவில்லை, வாங்கும் எண்ணம் உண்டு என்றால் வரிப் படிவத்தில் தற்காலிக அறிவிப்புக் கொடுத்து அந்த அளவுக்கு வரியைக் கட்டாமல் இருக்கலாம். கடைசியில் வாங்காமல் போனால் வட்டி பழைய தவணை நாள்களிலிருந்தே ஓடும். உறுதியான திட்டம் இல்லாமல் இதைத் தொடக் கூடாது.

பணம் கட்டும்போது

2025இல் மிகப் பெரிய நிறுவனங்களின் நான்கு தேதிகளில் மூன்று வார இறுதியில் விழுந்தன: ஜூன் 14 சனி, செப்டம்பர் 14 ஞாயிறு, டிசம்பர் 14 ஞாயிறு. அப்படியானால் பணம் முந்தைய வேலை நாளிலேயே பிரிட்டன் வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.யின் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் விடுமுறை நாளிலும் போகும். ஆனால் அதன் உச்சவரம்பு ஒரு பரிமாற்றத்துக்கு 10 லட்சம் பவுண்டு, பல வங்கிகள் அதைவிடக் குறைவாகவே வைத்திருக்கின்றன. இந்த நிகழ்வின் 14,75,000 போன்ற தொகைக்குச் சாப்ஸ் (CHAPS) என்ற பெருந்தொகை வங்கிப் பரிமாற்ற வழிதான்; அது வேலை நாளில் மட்டும், வங்கி சொல்லும் நேரத்துக்குள்.

பணம் கட்டும்போது குறிப்பிட வேண்டிய கட்டண எண் 17 எழுத்து-இலக்கம். அது ஒவ்வொரு கணக்குக் காலத்துக்கும் வேறு. நம் நிறுவனம் 2025 அக்டோபர் 1 அன்று 2024 வரியையும் அக்டோபர் 14 அன்று 2025 தவணையையும் கட்டுகிறது. வங்கியில் சேமித்து வைத்த பழைய எண்ணையே மறுபடி அழுத்தினால் தவணை 2024 கணக்கில் போய் மிகையாக நிற்கும், 2025இல் குறைவாகத் தெரியும். எழுதிக் கேட்டால் மாற்றித் தருவார்கள். கேட்கும் வரை தானாக மாறாது.

எச்.எம்.ஆர்.சி. தவணைத் தொகையைக் கணக்கிட்டுக் கேட்டு அனுப்பாது. மதிப்பீடு, நிலை, தேதி மூன்றும் நிறுவனத்தின் பொறுப்பு. எனவே சந்தேகம் இருந்தால் கூடுதலாகக் கட்டுவதே மேல். மிகைத் தொகைக்கு, முதல் தவணை நாளுக்கு முன்னதாக அல்லாமல், கட்டிய நாளிலிருந்து அடிப்படை விகிதத்தில் 0.25 புள்ளி குறைத்து வட்டி தருகிறார்கள். லாப மதிப்பீடு இறங்கினால் படிவம் தாக்கல் செய்யும் முன்பே திரும்பக் கேட்கலாம். கூடுதலாகக் கட்டியதன் இழப்பு சிறிது. குறைவாகக் கட்டியதன் கூடுதல் செலவு 2.5 புள்ளி. அடிப்படைக்கு மேல் 1 புள்ளி மட்டும் இருந்த காலத்தில் தவணைக் குறைவை மலிவான ஓவர்டிராஃப்டாகப் பயன்படுத்திய நிதி மேலாளர்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கு இப்போது பொருந்தாது. காலம் முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் கழிந்த பின்னும் பாக்கி இருந்தால் விகிதம் அடிப்படையோடு 4 புள்ளிக்கு ஏறும்.

நேர்மையாகத் தவறிய மதிப்பீட்டுக்கு வட்டி மட்டுமே. வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ குறைத்துக் கட்டினால், வட்டியைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம் விதிக்க விதிமுறை இடம் தருகிறது; மதிப்பீட்டின் அடிப்படை என்ன என்று ஆவணம் கேட்கவும் அதிகாரம் உண்டு. ஒவ்வொரு தவணை நாளிலும் அன்றைய மதிப்பீடு, அதை ஆதரித்த மேலாண்மைக் கணக்கு, இணை நிறுவனப் பட்டியல், நடந்துகொண்டிருக்கும் சொத்துப் பேச்சுவார்த்தைகள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் வைப்பது அதற்காகத்தான். இந்த நிறுவனத்தில் அக்டோபர் 14 குறிப்பில் ‘கிடங்கு: பேச்சு நடக்கிறது’ என்ற ஒரு வரி இருந்திருந்தால், ஒப்பந்த நாளைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்கக் கையெழுத்துக்கு முன் ஐந்து வாரம் கிடைத்திருக்கும்.

2026க்கு நிறுவனத்தின் எதிர்பார்ப்பு 21 லட்சம் லாபம். ‘மிகப் பெரிய’ நிலை ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு கணக்குக் காலமும் தனியாக அளக்கப்படும். 2025 டிசம்பர் 31 அன்று இணை நிறுவனங்கள் இன்னும் இரண்டே, வரம்பும் அதேதான். முதல் தவணை 2026 ஜூலை 14, தொகை 1,31,250 பவுண்டு.